ஆறு மணிக்கு ஆஜர்!

எல்லா ஆபீசிலும் இப்படி ஓர் ஆசாமி இருப்பார். காலையில் மெஷினில் விரல் வைப்பார், சாயங்காலம் கிளம்பும்போது தலை தெரியும். நடுவில் ஆளைப் பிடிக்கவே முடியாது. பறவைகளில் இந்த ஜாதிக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். விடிகிற நேரத்தில் இரண்டு விசில், இருட்டுகிற நேரத்தில் இரண்டு விசில். அவ்வளவுதான் சார் அட்டெண்டன்ஸ்.

விஞ்ஞானப் பெயர் பிட்டா பிராக்கியூரா. பிட்ட என்பது சாட்சாத் தெலுங்கு. சின்னப் பறவை என்று அர்த்தம். பிராக்கியூரா கிரேக்கம்; குட்டை வால். இந்திக்காரர்கள் நவ்ரங் என்கிறார்கள், ஒன்பது நிறமாம். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வெள்ளைத் தொண்டை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, மஞ்சள் பழுப்பு வயிறு, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. என் கணக்கில் ஆறுதான் வருகிறது. பி.காம். படித்தவனுக்கு பாக்கி மூன்று எங்கே என்று உறுத்தும்.

இத்தனை கலர் சட்டை போட்டுக்கொண்டு எப்படித் தலைமறைவாக இருக்கிறது? மரத்தில் தேடினால் கிடைக்காது. புதர் நிழலில், தரையில், சருகைப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். சருகுதான் அதற்குக் கேன்டீன்.

மழைக்காலத்தில் வடக்கே, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிருக்கு முன் தெற்கே இறங்கும். சில இலங்கை வரை போகும். ஐப்பசி வாக்கில் சென்னைக்கு வந்து சேர்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பறந்த களைப்பில் மொட்டை மாடி, பாத்ரூம், போர்டிகோ என்று கிடைத்த இடத்தில் உட்காரும். காக்கைகள் சும்மா விடுமா? துரத்தித் துரத்திக் கொத்தும். உங்கள் வீட்டுக்கு வந்தால் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். காயம் இல்லையென்றால், காக்கைகள் அடங்கியபின் மரம் செடி உள்ள பக்கம் திறந்துவிட்டால் போதும்.

ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை இந்தக் குருவிக்காக நாலு பேர் போனோம். கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதை ஒட்டிய ஒரு வளாகத்தில் நண்பனுக்குக் குவார்ட்டர்ஸ். அவன், நான், பேங்கில் ரிட்டையரான ஒரு சார், முழ நீள லென்ஸோடு ஒரு பையன்.

விடியற்காலை ஆறுக்கு முன்னால் விசில் கேட்டது. இரண்டாவது சுரம் லேசாக இறங்கும். வலது பக்கம் என்றான் நண்பன். இடது என்றார் சார். அப்புறம் ஒன்பது மணிவரை கொசுக்களுக்கு ரத்த தானம். பையன் பொறுமையிழந்து செல்போனை எடுத்தான். அதில் குருவியின் குரலைப் போட்டால் நிஜக் குருவி வெளியே வந்துவிடுமாம்.

"தம்பி, அதை உள்ளே வை," என்றார் சார்.

"ஒரே ஒரு தடவை சார்."

"வேற எவனோ தன் இடத்தைப் பிடிக்க வந்துட்டான்னு பதறிக்கிட்டு வரும். அத்தனை தூரம் பறந்து வந்து இப்பதான் டிபனுக்கு உட்கார்ந்திருக்கு. உன் மேனேஜர் உன்னை அப்படிக் கூப்பிட்டா சும்மா இருப்பியா?"

மேனேஜர் பேச்சை எடுத்ததும் போன் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. எனக்கும் அவர் கட்சிதான். கொடுத்துவைத்தவன் பார்ப்பான், இல்லாதவன் விசிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

மத்தியானம் வரை கொண்டலாத்தி, மரங்கொத்தி, மைனா, ஒரு கீரி. அப்புறம் சாம்பார் சாதம். நாலு மணிக்கு வேலை முடிந்து போன பெருக்குகிற அம்மாள் எங்களைப் பார்த்து நின்றாள்.

"காலைலேருந்து இன்னா தேடுறீங்க?"

நண்பன் விளக்கினான்.

"குண்டா, வால் இல்லாத மாதிரி, தத்தித் தத்திப் போவுமே, அதுவா? தண்ணித் தொட்டிக்குப் பின்னால பாரு. அந்த இடத்தை மட்டும் நான் பெருக்கறதில்ல. சருகை வாரிட்டா அது இன்னாத்தத் துன்னும்?"

தொட்டிக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம். பையன்கூட அசையவில்லை. சருகு ஒன்று தானாகப் புரண்டது. அப்புறம் இன்னொன்று. நடுவில் நம்ம ஆள்! இரண்டு தத்து, நின்று, குட்டை வாலை மேலும் கீழும் ஓர் ஆட்டு. தலையைப் பின்னுக்குச் சாய்த்து விசில் அடித்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. வாட்சைப் பார்த்தேன், ஆறாக எட்டு நிமிஷம். சீக்கிரம் கிளம்புவதிலும் நம்ம ஆபீஸ்தான்.

எழுந்து திரும்பினால் அந்த அம்மாள் போகாமல் பின்னாலேயே நிற்கிறாள்.

"பாத்துட்டீங்களா? சூப்பர்வைசர் வந்து எல்லாத்தையும் வாரிக் கொளுத்துன்றாரு. திங்கக்கிழமைதான் கெடு. யாராச்சும் எடுத்துச் சொல்லுங்க சார்."

பேங்க் சார் என்னிடம் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். தொட்டித் திண்டிலேயே வைத்து எழுத ஆரம்பித்தார்: 'மதிப்பிற்குரிய எஸ்டேட் அதிகாரி அவர்களுக்கு...'