தரவரிசையில் மாணவர் வெறும் எண்தானா?

2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிர் துறந்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுள் அவர் ஒருவர். மூன்று மாதங்கள்கூட முடியாத நிலையில், ஏப்ரல் 4 அன்று ஒன்றிய அரசு தனது முதல் தேசியத் தரவரிசையை வெளியிட்டது. பல்கலைக்கழகங்களுள் ஐதராபாத்துக்கு நான்காம் இடம். அப்பட்டியல் முந்தைய ஆண்டுகளின் தரவுகளைக் கொண்டு உருவானது என்பது உண்மையே. ஆனால், பின்வந்த ஆண்டுகளிலும் வளாகச் சாதியப் பாகுபாட்டை அளக்கும் தனி அளவுகோல் அதில் சேர்க்கப்படவில்லை.

தரவரிசையின் கணக்கைப் பார்ப்போம். ஒட்டுமொத்தப் பிரிவில் கற்பித்தலுக்கு 30, ஆராய்ச்சிக்கு 30, மாணவர் தேர்ச்சி மற்றும் பட்டம் பெற்றபின் அவர்களின் நிலைக்கு 20, அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கு 10, நற்பெயருக்கு 10 விழுக்காடு. உள்ளடக்கும் தன்மைக்கான 10இல் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய மாணவர்களுக்கு உரியது 2 மட்டுமே. அதுவும் கல்விக் கட்டணம் முழுமையாக ஈடுசெய்யப்பட்டவர்களின் விகிதத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. நற்பெயர் குறித்துக் கல்வியாளர்களிடமும் வேலை தருவோரிடமும் கருத்துக் கேட்கிறார்கள்; அவ்வளாகத்தில் வாழும் மாணவரிடம் கேட்பதில்லை.

நிறுவனங்கள் அளிக்கும் படிவத்தில் பட்டியலினம், பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் அனைவரும் 'சமூகத்தில் பின்தங்கியோர்' என்ற ஒரே கட்டத்தில் அடைக்கப்படுகின்றனர். அதில் தலித் மாணவர் எத்தனை பேர், அவர்களுள் படிப்பை முடித்தோர் எத்தனை பேர் என்பது தெரியாது. 2023 டிசம்பரில் மக்களவையில் அரசு அளித்த பதிலின்படி, ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து மட்டும் 2,424 பட்டியலின மாணவர்களும் 2,622 பழங்குடி மாணவர்களும் இடைநின்றனர். இந்த வெளியேற்றத்தைத் தரவரிசை சாதிவாரியாகக் கணக்கில் கொள்வதில்லை.

சமவாய்ப்பு மையம், பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் ஆகியவற்றைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே வலியுறுத்தின. அவை செயல்படுகின்றனவா என்பதற்கும் மதிப்பெண் வேண்டும். சேர்க்கை, தேர்ச்சி, இடைநிற்றல் ஆகிய மூன்றையும் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். மாணவர்களின் சாட்சியம் மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தரவரிசைக்கு அளித்த தரவுகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். அதைத் தரவிறக்குங்கள். அரசு நிறுவனமாயின், அதில் மறைந்துள்ள பிரிவுவாரி எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 6ஆம் பிரிவின்கீழ் கேளுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து மாணவர் மன்றத்தில் விவாதியுங்கள். நிறுவனம் எத்தனையாவது இடம் என்று விளம்பரப் பலகை சொல்லட்டும். அங்கு யார் தங்க முடிந்தது, யார் வெளியேற நேர்ந்தது என்பதை மாணவர்களே சொல்ல வேண்டும்.