உடல் பருமன்: எண்ணெயைக் குறைத்தால் மட்டும் போதுமா?

இந்தியாவில் உடல் பருமன் குறித்த விவாதம் எண்ணெய், சர்க்கரை, உடற்பயிற்சி ஆகிய மூன்றையே பெரும்பாலும் சுற்றி வருகிறது. சமையல் எண்ணெய் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு 2025 பிப்ரவரியில் ஒலிபரப்பான ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர் நரேந்திர மோடி கேட்டுக்கொண்டார். அந்த அறிவுரை அவசியமானதே. எனினும், உணவுடன் சேர்ந்து உடலுக்குள் செல்லும் வேதிப்பொருட்கள் குறித்த கேள்விக்கு இந்த விவாதத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 2015-16-ல் 20.6 சதவீத பெண்கள் அதிக எடையுடனோ உடல் பருமனுடனோ இருந்தனர். 2019-21-ல் இது 24 சதவீதமானது. ஆண்களிடம் 18.9 சதவீதத்திலிருந்து 22.9 சதவீதமாக உயர்ந்தது. தமிழகத்தில் 2019-21-ல் பெண்களில் 40.4 சதவீதத்தினரும், ஆண்களில் 37 சதவீதத்தினரும் இந்த நிலையில் இருந்தனர்.

பருமன் தூண்டிகள்

உடலில் கொழுப்புச் செல்கள் பெருகத் தூண்டும் வேதிப்பொருட்களுக்கு ‘ஒபிசோஜென்’ என்று 2006-ல் பெயரிட்டவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தைச் சேர்ந்த புரூஸ் புளும்பெர்க். கப்பல்களின் அடிப்பகுதியில் பாசி படியாதிருக்கப் பூசப்பட்ட டிரைபியூட்டைல்டின் என்ற பொருளை, கருவுற்ற எலிகளுக்கு அவரது குழுவினர் கொடுத்தனர். பிறந்த குட்டிகளின் உடலில் கொழுப்பு அதிகரித்திருந்தது.

உணவு டின்களின் உட்பூச்சிலும் கடினமான பிளாஸ்டிக்கிலும் உள்ள பிஸ்பீனால்-ஏ, பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் தாலேட்டுகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் பேசப்படுகின்றன. இவை ஹார்மோன்களின் செயல்பாட்டில் குறுக்கிடுகின்றன. விலங்குகளிடம் இதற்கான சான்றுகள் வலுவாக உள்ளன. மனிதர்களிடம் தொடர்பு காணப்பட்டாலும், எடை அதிகரிப்பில் இவற்றின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் அறுதியிடப்படவில்லை.

சூடும் எண்ணெய்ப் பசையும் இந்த வேதிப்பொருட்கள் உணவில் கலப்பதை அதிகரிக்கின்றன. கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கும் பழக்கம் கவலைக்குரியதாவது இதனால்தான்.

பருவ உணவின் பலம்

பஞ்சாபின் குளிர்காலக் கடுகுக்கீரை, தமிழகத்தின் கோடைகால நுங்கு, தை மாத மொச்சை போன்றவை விளைந்த சில நாட்களிலேயே, அதிகப் பொட்டலமின்றிச் சமையலறைக்கு வந்துவிடுகின்றன. டின், நெகிழி உறை, நீண்டகாலச் சேமிப்பு ஆகியவற்றின் தேவை குறைகிறது.

இதனால் பலன் உண்டு என்பதை அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. சான் பிரான்சிஸ்கோ பகுதியைச் சேர்ந்த ஐந்து குடும்பங்கள் மூன்று நாட்கள் பொட்டலமிடப்படாத புதிய உணவை மட்டும் உண்டன. அவர்களின் சிறுநீரில் பிஸ்பீனால்-ஏ அளவு சராசரியாக 66 சதவீதம் குறைந்தது.

ஆனால் சியாட்டிலில் பத்து குடும்பங்களிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வு வேறு பாடம் கற்பித்தது. அங்கு ஒரு பிரிவினருக்கு, பிளாஸ்டிக் படாமல் சமைத்த உள்ளூர் இயற்கை உணவு வழங்கப்பட்டது. எதிர்பார்ப்புக்கு மாறாக, அவர்களிடம் ஒரு வகை தாலேட்டின் அளவு பல மடங்கு உயர்ந்தது. உணவுப் பொருட்களைச் சோதித்தபோது, மல்லித்தூளிலும் பால் பொருட்களிலும் தாலேட் கலந்திருந்தது தெரியவந்தது.

பொறுப்பு யாருடையது?

இந்த இரு ஆய்வுகளும் சிறிய அளவிலானவை. ஆயினும் கவனமாகத் தேர்ந்து உண்பவரும் தப்ப முடியாத இடம் ஒன்று உண்டு என்பதை அவை உணர்த்துகின்றன. மல்லித்தூள் எந்த இயந்திரத்தில் அரைபட்டது, பால் எந்தக் குழாய் வழியே வந்தது என்பதை நுகர்வோர் கண்டறிய இயலாது. அதைக் கண்காணிக்க வேண்டியது அரசின் கடமை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல், அன்றாடம் உடல் தாங்கக்கூடிய பிஸ்பீனால்-ஏ அளவை முந்தைய வரம்பைவிட 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில், உணவுடன் தொடர்புள்ள பொருட்களில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியாவில் குழந்தைகளின் பாலூட்டும் புட்டிகளில் இதற்குத் தடை உள்ளது. உணவுப் பொட்டலங்களுக்கான விதிமுறைகள் 2018-ல் வெளியாயின. செய்தித்தாளில் உணவைப் பொட்டலமிட வேண்டாம் என்று 2023-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் மீண்டும் வலியுறுத்தியது. ஆயினும் பல ஊர்களில் வடையும் பஜ்ஜியும் இன்றும் செய்தித்தாளில்தான் மடித்துத் தரப்படுகின்றன.

சந்தைக்குப் பாத்திரம் எடுத்துச் செல்வதும், பருவக் காய்கறிகளைத் தேர்வதும் மக்கள் உடனே செய்யக்கூடியவை. மசாலாத்தூள், பால், பார்சல் உறைகள் ஆகியவற்றில் இந்த வேதிப்பொருட்களைத் தொடர்ந்து பரிசோதித்து, முடிவுகளை வெளியிடுவது அரசு செய்ய வேண்டியது. உடல் பருமனுக்கு எதிரான இயக்கத்தில் மக்களின் பங்கு நாள்தோறும் நினைவூட்டப்படுகிறது. அரசின் பங்கும் அதே அழுத்தத்துடன் பேசப்பட வேண்டும்.