பெஞ்சில் இருப்பவரைக் கேளுங்கள்

சென்னை நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கின் படிக்கட்டுகளில் மாலை வேளையில் காத்திருக்கும் பெற்றோரின் பேச்சு, பிள்ளை பிளஸ் ஒன் வந்ததும் அமெரிக்காவுக்குத் தாவிவிடும். நீச்சல் குளத்தின் கரையிலும் ஸ்குவாஷ் கோர்ட்டின் வாசலிலும் இதே கதைதான். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு: "டிவிஷன் ஒன்னா பாருங்க. ஜெயிக்கிற டீமா இருக்கணும். முழு ஸ்காலர்ஷிப்னா கண்ணை மூடிக்கிட்டு அனுப்பலாம். படிப்பைக் காலேஜே பாத்துக்கும். நல்லா ஆடினா அப்படியே புரொபஷனல்தான்."

நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஒவ்வொரு வரியிலும் பாதி உண்மையும் இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் குடும்பங்கள் தவறான இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. ஜெயிக்கிற பிள்ளையை எந்தப் பல்கலைக்கழகமும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆட்டத்தில் இடம் கிடைக்காதபோது, முட்டி விலகியபோது, ஒரு சீசன் முழுக்க ஃபார்ம் போனபோது அதே பிள்ளையை அது எப்படி நடத்துகிறது? ஒரு விளையாட்டுத் துறையை எடைபோட இதுதான் சரியான படிக்கல். அதை வைத்து அந்த வாய்ப்பாட்டை வரிவரியாக நிறுத்துப் பார்ப்போம்.

"டிவிஷன் ஒன் என்றாலே உயர்தரம்"

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் ஏறத்தாழ 1,100 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உறுப்பினர்கள். அவற்றில் 350க்கு மேற்பட்டவை முதல் டிவிஷனில் இருக்கின்றன. எத்தனை விளையாட்டுகளுக்கு அணி வைத்திருக்கிறார்கள், எவ்வளவு நிதியுதவி தருகிறார்கள் என்பவற்றைக் கொண்டு செய்யப்பட்ட நிர்வாகப் பிரிவு அது. பட்டியலின் உச்சியில் இருப்பதும் அடியில் கிடப்பதும் அதே பெயரைத்தான் சுமக்கின்றன.

ஸ்குவாஷில் இந்த வாதம் அடியோடு விழுந்துவிடுகிறது. ஸ்குவாஷ் என்.சி.ஏ.ஏ.வின் கீழேயே வருவதில்லை. கல்லூரி ஸ்குவாஷுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட் நகரத்தின் டிரினிட்டி கல்லூரி மற்ற விளையாட்டுகளில் மூன்றாம் டிவிஷனைச் சேர்ந்தது. அதன் ஆண்கள் ஸ்குவாஷ் அணி 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 போட்டிகளில் தோற்கவே இல்லை. அந்தக் காலத்தில் 13 தேசியப் பட்டங்களை அடுத்தடுத்து வென்றது. "டிவிஷன் ஒன் மட்டும்" என்று வடிகட்டியிருந்தால் இந்தக் கல்லூரி நம் பட்டியலிலேயே வந்திருக்காது. உங்கள் பிள்ளை ஆடும் விளையாட்டுக்கு அந்தக் கல்லூரியில் என்ன மதிப்பு என்று பாருங்கள். டிவிஷன் எண் அதைச் சொல்லாது.

"ஜெயிக்கிற பல்கலைக்கழகம்தான் பாதுகாப்பு"

எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துச் சிறந்த பல்கலைக்கழகத்துக்குத் தரப்படும் டைரக்டர்ஸ் கோப்பையை ஸ்டான்ஃபோர்ட் 1995 முதல் 2019 வரை 25 ஆண்டுகள் விடாமல் வென்றது. அதைவிட நிறைந்த கோப்பை அலமாரி அமெரிக்காவில் கிடையாது. அதே ஸ்டான்ஃபோர்ட் 2020 ஜூலையில், நிதி நெருக்கடியைச் சொல்லி, தன் 36 அணிகளில் 11ஐக் கலைக்கப்போவதாக அறிவித்தது. மல்யுத்தம், ஆண்கள் வாலிபால், வாள்வீச்சு, ஸ்குவாஷ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

2021 மார்ச்சில் மல்யுத்த வீரர் ஷேன் கிரிஃபித், பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ இல்லாத கறுப்பு உடையில் களமிறங்கித் தேசியப் பட்டத்தை வென்றார். அந்த ஆண்டு மே மாதம், முன்னாள் மாணவர்களும் வீரர்களும் போராடிய பிறகு, பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்தப் பத்து மாதங்களை அந்தப் பிள்ளைகளுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

அணிகள் இப்படிக் கலைக்கப்படுவதற்குக் காரணம் எளிது. பெரிய பல்கலைக்கழகங்களில் அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் சம்பாதிக்கின்றன. மற்ற அணிகள் பெரும்பாலும் அந்த வருமானத்தில் வாழ்கின்றன. நெருக்கடி வந்தால் கத்தி எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. வலுவான அணியில் நல்ல பயிற்சித் துணைகள் கிடைப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லட்சம் பேர் கூடும் கால்பந்து அரங்கத்தைக் காட்டி, டென்னிஸ் ஆடும் பிள்ளைக்கு யாரும் உறுதி தர முடியாது. இந்த அணிக்கென்று தனி அறக்கட்டளை நிதி இருக்கிறதா, கடந்த பத்தாண்டுகளில் இங்கே எந்த அணியாவது கலைக்கப்பட்டதா என்று நேரடியாகக் கேளுங்கள்.

"முழு ஸ்காலர்ஷிப் என்றால் செலவே இல்லை"

முதலில், "முழு" என்பதே அபூர்வம். 2025 வரை முதல் டிவிஷனில் ஓர் ஆண்கள் டென்னிஸ் அணி மொத்தமாகத் தரக்கூடிய ஸ்காலர்ஷிப் 4.5. ஆண்கள் நீச்சலுக்கு 9.9. ஆண்கள் தடகளத்துக்கும் கிராஸ் கன்ட்ரிக்கும் சேர்த்து 12.6. நாலரையை எட்டு, பத்துப் பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாடு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. இப்போது எல்லோருக்கும் முழுத் தொகை தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஹார்வர்ட், கொலம்பியா உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள். மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. நடுத்தரக் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி, மற்ற இடத்துப் பாதி ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. கால் முறிந்தாலும் அது போகாது.

முதல் டிவிஷனில் காயத்தையோ ஆட்டத் திறனையோ காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக் கூடாது என்ற விதி 2024 ஆகஸ்டில்தான் எல்லோருக்கும் பொதுவானது. அந்த விதி பணத்தைக் காக்கிறது. அணியில் இடத்தைக் காப்பதில்லை. ஆகவே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: எத்தனை ஆண்டுகளுக்கு? கோடைக்காலப் பருவம் சேர்ந்ததா? நான்கு ஆண்டில் பட்டம் முடியாவிட்டால் ஐந்தாம் ஆண்டுக்கு யார் கட்டுவது? மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு, ஸ்காலர்ஷிப்பில் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் தரப்படும் பகுதி அமெரிக்க வருமான வரிக்கு உட்பட்டது. இதை முன்கூட்டிச் சொல்லும் அலுவலகம் கவனமான அலுவலகம்.

"படிப்பைக் காலேஜே பார்த்துக்கொள்ளும்"

பட்டம் பெறுவோர் விகிதம் 90 சதவீதத்தை ஒட்டியது என்று விளம்பரங்கள் சொல்லும். அது என்.சி.ஏ.ஏ.வின் சொந்தக் கணக்கு. படிப்பில் தகுதியோடு இருந்து பாதியில் வேறு கல்லூரிக்குப் போனவர்களை அந்தக் கணக்கு கழித்துவிடுகிறது. அமெரிக்க அரசின் கணக்கோ அவர்களைப் பட்டம் முடிக்காதவர்களாகவே வைக்கிறது. இரண்டையும் உங்கள் விளையாட்டுக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். இடைவெளி அகலமாக இருந்தால், அந்த அணியிலிருந்து பிள்ளைகள் வெளியேறுகிறார்கள் என்று பொருள்.

பட்டம் வந்தாலும் படிப்பு வந்ததா என்பது வேறு கேள்வி. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை பெயருக்கு வகுப்புகள் நடந்தன. வகுப்பறை இல்லை, பேராசிரியர் இல்லை. ஒரு கட்டுரை கொடுத்தால் அலுவலக ஊழியரே மதிப்பெண் போட்டார். 2014இல் வெளியான விசாரணை அறிக்கையின்படி 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் அப்படிப் 'படித்தார்கள்'. ஏறத்தாழ பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். அதே காலத்தில், 2005இலும் 2009இலும் அந்தப் பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வென்றது. கோப்பை மின்னிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பிள்ளைகளின் கல்வி களவு போனது.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது விதி. ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணியாகத்தான் கணக்காகும். பயண நேரம் கணக்கிலேயே வராது. விளையாட்டுக்கு வாரம் 30 மணிக்கு மேல் போகிறது என்று என்.சி.ஏ.ஏ. எடுத்த கருத்துக் கணிப்பிலேயே வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். பொறியியலோ உயிரியலோ படிக்க விரும்பும் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த அணியில் இப்போது அந்தப் பாடத்தைப் படிப்பவர் யார்? ஆய்வக வகுப்பும் பயிற்சியும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும்?"

"பெரிய கோச், பெரிய ஜிம்"

கோச் நாளைக்கே வேறு வேலைக்குப் போகலாம். மாணவர் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கும் இப்போது டிரான்ஸ்பர் போர்ட்டல் என்ற பதிவு வசதி இருக்கிறது. 2024க்குப் பிறகு, படிப்புத் தகுதி இருந்தால், எத்தனை முறை மாறினாலும் ஆடாமல் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. இது சுதந்திரம்தான். ஆனால் அந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளையை மூன்று ஆண்டுகள் வளர்ப்பதைவிட, இருபத்திரண்டு வயதில் பழுத்த ஆட்டக்காரரை வேறு கல்லூரியிலிருந்து கொண்டுவருவது கோச்சுக்குச் சுலபம். பெஞ்சில் உட்காரப்போவது உங்கள் பிள்ளை.

ஜிம்மின் பளபளப்புக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் முக்கியம். 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 19 வயது அமெரிக்கக் கால்பந்து வீரர் பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்தில் விழுந்து, இரண்டு வாரம் கழித்து இறந்தார். உடலைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தும் எளிய முதலுதவி அவருக்குச் செய்யப்படவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பேற்றார். முன்னணிப் பிரிவு ஒன்றில் ஆடும் பணக்கார அணி அது. குறை பணத்தில் இல்லை. அடிபட்டவர் மறுபடி எப்போது ஆடலாம் என்று முடிவு சொல்வது மருத்துவரா, கோச்சா? உங்கள் அணிக்கென்று விளையாட்டு மருத்துவப் பணியாளர் உண்டா, நான்கு அணிக்கு ஒருவரா? எந்தக் கோப்பையையும்விட இந்தப் பதில்கள் உங்கள் பிள்ளைக்கு வேண்டியவை.

"அங்கிருந்து நேரே புரொபஷனல்"

அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் கல்லூரி வீரர்களில் தொழில்முறைக்குப் போவோர் 2 சதவீதத்துக்கும் குறைவு; என்.சி.ஏ.ஏ.வே சொல்லும் கணக்கு இது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாலும், மாணவர் விசாவின் வேலைக் கட்டுப்பாடுகள் நம் பிள்ளைகளை அங்கேயும் ஓரம் கட்டுகின்றன.

எதிர்வாதமாக இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007இலும் 2008இலும் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். மறு ஆண்டு ஜனவரியில் இதே நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் இறுதிப் போட்டியில் நின்றார். ஆனால் 2007இல் பட்டம் வென்றதும் அவர் கல்லூரியை விட்டுவிடவில்லை. திரும்பிப் போய் நான்காம் ஆண்டையும் முடித்தார். டெல்லியில் வளர்ந்த தமிழர் தேஜஸ்வின் சங்கர் போன கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெயர் நம் படிக்கட்டுப் பேச்சில் அடிபடுவதே இல்லை. அங்கே இருந்த கிளிஃப் ரொவெல்டோ உயரம் தாண்டுதலிலும் பல்திறப் போட்டிகளிலும் தேர்ந்த பயிற்சியாளர். தேஜஸ்வின் 2018இலும் 2022இலும் என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டம் வென்றார். 2023 ஆசிய விளையாட்டில் டெகாத்லானில் வெள்ளி பெற்றார். இருவரின் கதையிலும் பலன் தந்தது பொருத்தம். பல்கலைக்கழகத்தின் ஊர்ப்புகழ் அதற்கு ஈடாகாது.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு மாலைப் பொழுதும் ஒரு தாளும் போதும். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அணிப் பட்டியலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அதில் முதலாம் ஆண்டு மாணவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஆண்டுப் பட்டியல்களில் அவர்களைத் தேடுங்கள். ஆறு பேர் சேர்ந்து ஐந்து பேர் நான்காம் ஆண்டில் இருந்தால், அந்த அணி பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுகிறது. ஒருவர்தான் மிஞ்சினார் என்றால், மற்ற ஐவர் எங்கே போனார்கள் என்று கோச்சிடம் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்களை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளை அந்த வரிசையில்தான் நிற்கப் போகிறது.

பிறகு நேரிலோ வீடியோ அழைப்பிலோ கோச்சிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "போன சீசனில் அதிகம் ஆடாத ஒருவரிடம் என் பிள்ளை பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்." நட்சத்திரத்தைத்தான் அவர்களாகவே முன்னால் நிறுத்துவார்கள், நீங்கள் பெஞ்சைக் கேளுங்கள். தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லி எண்ணைக் கொடுக்கும் கோச் தன் பிள்ளைகளை அறிந்தவர். "அதெல்லாம் எதற்கு, எங்கள் கேப்டனிடம் பேசுங்கள்" என்று பேச்சை மாற்றினால், நீங்கள் கேட்க வந்த பதில் அதிலேயே இருக்கிறது.