கூலி கேட்டால் 'திருப்தி இல்லை'

இணையதளம் செய்து கொடுத்தவருக்குக் கூலி கொடுக்காமல் இழுத்தடிக்கிற யாரும் 'தர மாட்டேன்' என்று சொல்வதில்லை. 'இன்னும் திருப்தியா வரலியே தம்பி' என்றுதான் சொல்கிறார்கள். இந்தத் 'திருப்தி'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு 40,000 ரூபாய் பேசி, 5,000 முன்பணம் வாங்கித் தளம் செய்து கொடுத்தான். பேச்செல்லாம் வாயால்தான். முகப்பை நாலு தடவை மாற்றச் சொன்னார்கள், மாற்றினான். பணம் கட்டும் வசதி முதல் பேச்சிலேயே கிடையாது; அதையும் சேர்த்தான். இன்று மாணவர்கள் அதன் வழியாகத்தான் கட்டணம் கட்டுகிறார்கள். மீதி 35,000 கேட்டால் திருப்தி இல்லையாம். திருப்தியில்லாத தளத்தில் வசூல் மட்டும் ஜோராக நடக்கிறது. தினமும் வங்கிக் கவுண்ட்டரில் கணக்குப் பார்க்கிற எனக்கே இந்தக் கணக்கு விளங்கவில்லை.

கொத்தனார் எழுப்பிய சுவர் கண்ணுக்குத் தெரியும். இந்த உழைப்பு தெரியாது. 'ஒக்காந்த எடத்துல தட்டுறதுதானே' என்கிறது பொதுப்புத்தி. எழுதிக் கேட்டாலோ, 'எங்க மேல நம்பிக்கை இல்லியா?' என்று முகம் சுளிக்கிறது. அப்படிக் கேட்கிறவர் தன் கட்டடத்தை வாடகைக்கு விடும்போது முத்திரைத்தாள் இல்லாமல் சாவியைக் கொடுத்திருப்பாரா? முதல் தலைமுறையாகப் படித்து வந்த நம் பிள்ளைகள் அந்த ஒரு கேள்வியில் கூசிப்போகிறார்கள். ஊர்ச் சாவுக்குச் சேதி சொல்லப் போன நம் பாட்டன்களிடம் 'வழக்கம்தானே' என்று சொல்லப்பட்டது. அதுவும் இதுவும் ஒன்றல்ல. அது சாதி விதித்த வெட்டி. இது தானே ஒப்புக்கொண்ட வேலை. ஆனால் கூலி கேட்பதையே மரியாதைக் குறைவாக்குகிற வாய் ஒரே வாய்தான்.

சட்டம் முழுக்க அவர்கள் பக்கம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவிக்கிறவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அதன் 70ஆம் பிரிவு. நிரூபிப்பதில்தான் சிக்கல். ஆகவே வாட்ஸ்அப் பேச்சை, மின்னஞ்சலை அழிக்காதீர்கள். வேலை முடிந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.

இதைவிடக் கூர்மையானது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். தனியாளாக வேலை செய்கிறவரும் 'உத்யம்' பதிவு செய்துகொள்ளலாம், காசு கிடையாது. வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்துவிட வேண்டும், பிறகு பதிந்தால் வம்பு. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஒப்படைத்த அன்றே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஆறு மாதம் கழித்து 'திருப்தி இல்லை' என்று இழுப்பது அங்கே செல்லாது. எப்படிப் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. எங்கள் வங்கியில் வீட்டுக் கடனுக்குக்கூட இவ்வளவு வட்டி இல்லை.

இன்னொன்று. சம்பள ஆளாக இல்லாமல் வெளியிலிருந்து செய்து கொடுப்பவர் எழுதிய நிரலுக்கு, அவர் உரிமையை எழுத்தில் மாற்றித் தராதவரை, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவரே உரிமையாளர். அதற்காக ராத்திரியோடு ராத்திரியாகக் கடவுச்சொல்லை மாற்றித் தளத்தை முடக்கிவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் நம் மேலேயே திரும்பும்.

ஒரு தாள் போதும். என்னென்ன பக்கங்கள், எத்தனை தடவை மாற்றித் தருவது, எப்போது எவ்வளவு பணம், பாதியில் நின்றால் என்ன – இவ்வளவுதான். கையெழுத்துப் போட மறுக்கிறவர் பணமும் தர மாட்டார் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

வெளியாளை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள முடியவில்லை. நம் கூட்டங்களுக்கு மண்டப வாடகை கொடுக்கிறோம். மைக் செட்டுக்குக் கொடுக்கிறோம். நோட்டீஸ் அடித்த அச்சகத்துக்குக் கடன் வாங்கியாவது கொடுக்கிறோம். அமைப்புக்குத் தளம் செய்து, ராத்திரியெல்லாம் படம் ஏற்றிய பெண்ணிடம் மட்டும் 'இயக்கத்துக்குத்தானே தோழர்' என்கிறோம். இனாமாகச் செய்வதா வேண்டாமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டு அனுப்பிவிட்டோம்.