ஒரு பக்க மூக்கடைப்பை அலட்சியம் செய்யாதீர்: கொங்கு மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட நிர்வாகங்களுக்கும்:

சாதாரணச் சளி சில நாளில் விட்டுவிடும். ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, நாற்றமடிக்கும் சளி ஒழுகினாலோ உள்ளே பார்த்தே ஆக வேண்டும். குழந்தையென்றால் பொத்தான் பேட்டரி சிக்கியிருக்கலாம். பதின்வயதுப் பையனென்றால் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். குளம் குட்டையில் குளிப்பவரென்றால் ரைனோஸ்போரிடியோசிஸ் என்னும் சதை வளரும் நோயாக இருக்கலாம். நடுவயதைத் தாண்டியவரென்றால் புற்றாகவும் இருக்கலாம். சைனஸ் என்று சொட்டு மருந்திலேயே காலம் கடத்தினால் நோய் கண்ணுக்கும் மூளைக்கும் அருகே போய்விடுகிறது. ஆகவே கோருகிறோம்:

1. மூன்று வாரம் தாண்டிய ஒரு பக்கத் தொல்லையை ஆரம்ப சுகாதார நிலையங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் பேட்டரி சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும்; அதை உடனே எடுக்க வேண்டும்.

2. பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், உடுமலை, கோபி அரசு மருத்துவமனைகளில் மூக்கு எண்டோஸ்கோப்பும் அதைக் கையாளும் மருத்துவரும் எல்லா வேலை நாளும் இருக்க வேண்டும்.

3. ஸ்கேன் பார்க்காமல் புறநோயாளி அறையில் சதையைக் கிள்ளி எடுக்கக் கூடாது. ரத்தக்குழாய்க் கட்டியைக் கிள்ளினால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு ஏற்படும்.

4. அகற்றும் சதை ஒவ்வொன்றும் திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். முடிவைத் தமிழில் எழுதித் தர வேண்டும். 'இன்வர்டட் பாப்பிலோமா' என்னும் மூக்குக் கட்டியை அடிவேரோடு எடுக்காவிட்டால் திரும்ப வரும். சிலருக்குப் புற்றாகவும் மாறும். இக்கட்டி வந்தவர்களைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

5. மரத்தூள் மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் அறிவித்தது. மரம் அறுக்கும் மில்கள், தச்சுப் பட்டறைகள், ஃபவுண்டரிகளுக்கு மர பேட்டர்ன் செய்யும் கூடங்களில் தூசி உறிஞ்சும் கருவி கட்டாயமாக்கப்பட வேண்டும். தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மூக்குப் பரிசோதனை வேண்டும்.

6. 2021இல் மூக்கில் தொடங்கும் கருப்புப் பூஞ்சை நோய் சர்க்கரை நோயாளிகளை வதைத்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீடுதோறும், "ஒரு பக்கம் மட்டும் மூக்கடைக்குதுங்களா, முகம் வலிக்குதுங்களா, ரத்தம் வருதுங்களா?" என்று கேட்க வேண்டும்.

7. ஸ்கேன், அறுவை சிகிச்சை, தொடர் பரிசோதனை அனைத்தையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தடையின்றி ஏற்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, மூக்கில் இலைச்சாறு பிழிந்தும் போலி வைத்தியரிடம் சதையைப் பிடுங்கக் கொடுத்தும் நாள் கடத்த மாட்டோம். மறுபரிசோதனைக்குத் தவறாமல் வருவோம். இவற்றை அரசாணையாக வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் காலக்கெடுவும் பொறுப்பு அலுவலரும் குறிக்கக் கோருகிறோம்.