காரீயமும் கைநழுவும் புள்ளிகளும்

“காரீயம் மென்மையானது. ஏனெனில் அதிலுள்ள பிணைப்புகள் வலிமை குறைந்தவை.” மாதிரி வினாத்தாள்களைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இந்த வசனத்தைக் காண்கின்றேன். இதனை எழுதுவோர் படிக்காத மாணவர் அல்லர். விடைகளை மனனம் செய்தவர்களே. நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். என் கண்ணுக்கு இது விஞ்ஞானப் பிழை என்பதைவிட மொழிப் பிழையாகவே படுகின்றது.

காரீயத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் ஒரே தளத்தில் வேறு மூன்று காபன் அணுக்களுடன் பங்கீட்டுப் பிணைப்பால் இணைந்துள்ளது. அணுக்களிடைத் தூரம் 0.142 நனோமீற்றர். வைரத்திலோ அது 0.154. அதாவது காரீயப் படையினுள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பை விடக் குறுகியது, வலிமையும் கூடியது! மென்மைக்குக் காரணம் வேறிடத்தில் உள்ளது. ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் இடைத்தூரம் 0.335 நனோமீற்றர். அங்கே இருப்பது நலிந்த கவர்ச்சி விசை மாத்திரமே. “படைகளுக்கிடையே” என்ற ஒரு சொல்லை விட்டால் விடை தலைகீழாகி விடும். அடுத்த பகுதியில் உருகுநிலை ஏன் உயர்வு என்று கேட்டால், அதே மாணவர் “பிணைப்புகள் வலிமையானவை” என்று எழுதுவார். தன் இரு வரிகளும் ஒன்றோடொன்று மோதுவதை அவர் கவனிப்பதேயில்லை.

பெயரும் நம்மை ஏமாற்றுகின்றது. தமிழ்நாட்டு நூல்களில் காரீயம் என்றால் ஈயம் என்னும் உலோகம்; நமது நூல்களில் அது காபனின் ஒரு வடிவம். பென்சிலில் ஈயம் உண்டென நம்பும் மாணவர்கள் இன்றும் உள்ளனர். ஆங்கிலேயர் வழங்கிய ‘பிளம்பேகோ’ என்ற பெயரும் ஈயத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்ததே. அது காபன்தான் என்று ஷீலே 1779 இல் காட்டிய பின்னரும் அப்பெயர் மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காரீயம் அப்பெயருடனேயே கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறியது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் 95 சதவீதத்திற்கும் மேல் காபன் கொண்டது. உலகப் புகழ் பெற்றது. துறைமுகத்துக்கு அருகே, கொட்டாஞ்சேனையில் இருந்து படிக்கும் நாமோ உதாரணம் கேட்டால் பென்சிலோடு நிறுத்திக் கொள்கின்றோம்.

சரி, பென்சிலையே எடுப்போம். இருமுனையும் சீவிய 2பி பென்சில் துண்டு, இரண்டு டோர்ச் பற்றரிகள், ஒரு சிவப்பு எல்.ஈ.டி. போதும். தொடராக இணைத்தால் ஒளிரும். காபனின் நான்கு வலுவளவு இலத்திரன்களில் மூன்றே பிணைப்பில் ஈடுபடுகின்றன. நான்காவது படை முழுவதும் அசையக்கூடியது. வைரத்தில் நான்கும் பிணைப்பில் அகப்பட்டுவிட்டன. இதைக் கண்ணால் கண்டவர் மறக்க மாட்டார்.

மனனத்தைச் சோதிக்க ஒரு வினா வைத்திருக்கின்றேன். 1985 இல் கண்டறியப்பட்ட, 60 காபன் அணுக்கள் உதைபந்து வடிவில் இணைந்த மூலக்கூறு தொலுயீனில் கரைந்து ஊதா நிறம் தருகின்றது, காரீயம் கரைவதில்லை. ஏன்? “காபன் என்றால் அணுச்சாலகம்” என்று பாடமாக்கியவர் இங்கே தடுமாறுவார். பந்தினுள் பிணைப்பு வலியது. பந்துக்கும் பந்துக்கும் இடையே விசை நலிந்தது. ஆகவே பந்துகள் உடையாமலே தனித்தனியாகப் பிரிந்து கரைகின்றன. காரீயப் படையோ முடிவின்றி நீளும் ஒரே வலை. பிரித்தெடுக்க அதில் சிறு மூலக்கூறு இல்லை.

இப்பொழுதெல்லாம் விடைத்தாளில் ‘பிணைப்பு’ என்ற சொல்லைக் கண்டால் சிவப்புப் பேனையால் கீறி, ஓரத்தில் “எதற்கும் எதற்கும் இடையே?” என்று எழுதி விடுகின்றேன்.