அனுபவத்துக்கு வாடகை கட்டுறது ஆர்?

வேலைக்குப் போனால் அனுபவம் இருக்கா எண்டு கேப்பினம். அனுபவத்துக்கு எங்க போறது எண்டு கேட்டால் இன்டெர்ன்ஷிப் செய்யுங்கோ எண்டு சொல்லுவினம். சரி, செய்யலாம். ஆனால் அந்த ஆறு மாதமும் சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது எண்ட கேள்வியை மட்டும் ஒருத்தரும் எடுக்கிறதில்லை.

இன்டெர்ன்ஷிப் தேவையில்லை எண்டு நான் சொல்ல வரவில்லை. வகுப்பில் படிக்கிற கணக்கியல் வேற. மாதக் கடைசியில் வங்கிக் கூற்றும் கணக்குப் புத்தகமும் ஒத்துவராமல் நிற்கேக்க பிழையைத் தேடிப் பிடிக்கிறது வேற. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை, கொங்கிரீட் போடுற நாளில் மழை வந்தால் என்ன செய்யிறது எண்டதை வேலைத்தளத்தில் நிண்டுதான் பழகவேணும். பொறியியல் பீடங்களும் எச்.என்.டி.ஐ.டி போன்ற கற்கைகளும் தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கி வைத்திருப்பது அதனால்தான்.

சிக்கல், பெரிய நிறுவனங்கள் அநேகமாகக் கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெள்ளவத்தையில் மாமா வீடு இருக்கிற பிள்ளைக்கு இது வாய்ப்பு. ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்கு இது செலவு: அறைக்கு முற்பணம், மூன்று நேரச் சாப்பாடு, பஸ் காசு, அலுவலகத்துக்குப் போட இரண்டு நல்ல சேர்ட். சம்பளமில்லாத இடமெண்டால், அந்தப் பிள்ளை காசு கட்டி வேலை செய்யுது. கட்ட முடியாத பிள்ளை ஊரில் கிடைச்ச இடத்தில் ஏதோவொரு கடிதத்தை வாங்கிக்கொண்டு படிப்பை முடிக்குது. பிறகு நேர்முகத்தேர்வில் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்து, 'இவருக்கு அனுபவம் கூட' எண்டு தெரிவு செய்யினம். கூட இருந்தது திறமையா, மாமா வீடா?

2025இல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது சீவிக்கக் காணாது எண்டு நாங்களே கதைக்கிறம். ஆனால் ஒரு பயிலுநர் காலை எட்டரை தொடக்கம் பின்னேரம் ஐந்து மணிவரை ஒண்டுமில்லாமல் வேலை செய்தால், 'அது பயிற்சிதானே' எண்டு விட்டிடுறம்.

இத்தனைக்கும் தொழில் பழகுறது இந்த நாட்டுக்குப் புதுசில்லை. தொழில் பயிலுநர்களுக்கான சட்டம் 1971இலேயே வந்தது. இப்ப அந்த வேலையை நைட்டா பார்க்குது. மோட்டார் மெக்கானிக் பழகுற பெடியன் அதனூடாகப் போனால், அவனுக்கு ஒரு ஒப்பந்தம் இருக்கு, முடிவில் என்.வி.கியூ சான்றிதழுக்கும் வழி இருக்கு. கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போற பட்டதாரி மாணவிக்குப் பல இடங்களில் கிடைக்கிறது ஒரேயொரு மின்னஞ்சல்தான்.

சின்ன நிறுவனங்களால் சம்பளம் குடுக்க ஏலாது எண்டு சொல்லுவினம். சில இடங்களில் அது உண்மைதான். புதுசா வாற ஒருத்தருக்குச் சொல்லிக்குடுக்க, தெரிஞ்ச ஒருத்தரின் நேரம் போகும். அதுவும் ஒரு செலவுதான். அப்படி மினக்கெட்டுப் பழக்குற இடத்தைக் குறை சொல்ல ஏலாது. குறைந்தது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் குடுக்கலாம். ஆனால் ஒண்டும் பழக்காமல், போட்டோகொப்பி எடுக்கவும் டேட்டா என்ட்ரி செய்யவும் ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஆள் மாத்துற இடங்களும் இருக்கு. அங்க நடக்கிறது பயிற்சியில்லை, வேலை. வேலைக்குச் சம்பளம் குடுக்கவேணும்.

இதை மாணவர் தனியக் கேக்கிறது கஷ்டம். கேட்டால் இடம் போயிடும் எண்ட பயம் இருக்கும். ஆகவே கம்பஸ்தான் கேக்கவேணும். கடிதம் குடுத்து அனுப்புறதும், பயிற்சி நாளேட்டில் கையெழுத்தைப் பார்த்துப் புள்ளி போடுறதும் அவைதானே. ஆர் பழக்குவினம், என்ன வேலை, எவ்வளவு கொடுப்பனவு: இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிப்போட்டு அனுப்பட்டும். பயிற்சி முடிச்சு வாற மாணவர் அந்த இடம் எப்படி எண்டு எழுதிக்குடுத்தால், அடுத்த பட்ச் அதை வாசிச்சுப்போட்டுப் போகும்.

அதுவரைக்கும், போட்டு வந்த அண்ணாமார் அக்காமார் தங்களுக்குப் பின்னால வாறவைக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நல்ல இடத்தையும் சொல்லுங்கோ, டீ ஊத்த வைச்ச இடத்தையும் சொல்லுங்கோ.